வெர்மான்ட் எதைப் பூட்டியது?

விளைநிலத்தையும் காட்டையும் காக்கும் அறக்கட்டளைகள் மீது அமெரிக்காவில் ஒரு குற்றச்சாட்டு வலுத்து வருகிறது. வாடகை கட்ட முடியாமல் இளம் குடும்பங்கள் திண்டாடும் காலத்தில் இந்த அமைப்புகள் ஆயிரமாயிரம் ஏக்கரை நிரந்தரமாகப் பூட்டிப் போடுகின்றன என்பது அதன் சாரம். வசதி படைத்தவர்கள் தங்கள் ஜன்னலுக்கு வெளியே பசுமை மாறாமலிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதனால் ஊருக்கு வரி போகிறது, வேலை போகிறது, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் கையும் கட்டப்படுகிறது என்கிறார்கள். கட்டுமான நிறுவனங்கள் மட்டும் இதைச் சொன்னால் ஒதுக்கிவிடலாம். பொருளாதாரம் படித்தவர்களும், ஏழைகளின் வீட்டுரிமைக்காக மெய்யாகவே போராடுகிறவர்களும் சொல்கிறார்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலை வெர்மான்ட்டில் தேடுவது பொருத்தம். கனடா எல்லையை ஒட்டிய சிறிய மலை மாநிலம் அது. மக்கள்தொகை ஆறரை லட்சத்துக்கும் குறைவு. 1977-இல் வுட்ஸ்டாக் என்ற சிற்றூரில், ஒட்டாக்வீச்சி என்ற உள்ளூர் ஆற்றின் பெயரைத் தாங்கித் தொடங்கிய ஓர் அமைப்பு, பத்தாண்டு கழித்து வெர்மான்ட் லேண்ட் டிரஸ்ட் ஆனது. இன்று அதன் காப்பில் 6 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. மாநிலத்தின் நிலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இது. நாடு முழுவதும் இத்தகைய அமைப்புகள் காத்து நிற்கும் நிலம் 6.1 கோடி ஏக்கர் என்கிறது 2020-இன் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டின் பரப்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு! குற்றச்சாட்டு உண்மையானால், வெர்மான்ட்டைவிட அது தெளிவாகத் தெரியக்கூடிய இடம் வேறில்லை.

எதைப் பூட்டினார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். இந்த அமைப்புகள் பெரும்பாலும் நிலத்தை வாங்கி வேலி போடுவதில்லை. உரிமையாளரோடு ஒரு காப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. ஒரு குடும்பத்தின் 200 ஏக்கர் பண்ணை, மனை போட்டு விற்றால் 10 லட்சம் டாலர் பெறும். உழவுக்கு மட்டும் என்றால் 6 லட்சம்தான் பெறும் என்று மதிப்பீட்டாளர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இடையில் நிற்கும் 4 லட்சம்தான் அந்த நிலத்தை மனையாக்கும் உரிமையின் விலை. பொது நிதியும் நன்கொடையும் திரட்டி அறக்கட்டளை அந்த உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. சிலர் அதைத் தானமாகவே கொடுத்து வருமான வரியில் சலுகை பெறுகிறார்கள். ஒப்பந்தம் பதிவாகிறது, பிறகு அந்த நிலத்தை யார் வாங்கினாலும் இந்த வில்லங்கத்தோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

நிலம் அதே குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது. உழலாம், மாடு மேய்க்கலாம், மரம் வெட்டலாம், அடமானம் வைக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆண்டுக்கொரு முறை அறக்கட்டளையின் ஆள் வந்து, ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று பார்த்துவிட்டுப் போவார். கைக்கு வந்த பணத்தில் சிலர் வங்கிக் கடனை அடைக்கிறார்கள். சிலர் புதுத் தொழுவம் கட்டுகிறார்கள். பாகப்பிரிவினையின்போதுதான் இதன் அருமை முழுதாகத் தெரியும். பெற்றோர் காலமானதும் நகரத்தில் வேலை பார்க்கும் உடன்பிறந்தோருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். மனை விலையில் கணக்குப் போட்டால், ஊரிலிருந்து உழுகிறவரால் அந்தப் பங்கை ஒருநாளும் கொடுக்க முடியாது. மனையாக்கும் உரிமை விலகிவிட்ட நிலத்தில் கணக்கு உழவின் வரவுக்குள் அடங்குகிறது. பண்ணை உடையாமல் அடுத்த கைக்குப் போகிறது. இதைப் பூட்டு என்று சொல்வது, நிலத்தால் ஆகக்கூடிய ஒரே காரியம் மனைப்பிரிவுதான் என்று நம்புகிறவர்களால் மட்டுமே முடியும்.

காடு விஷயத்தில் இந்த வாதம் இன்னும் பலவீனமானது. சாம்பியன் இன்டர்நேஷனல் என்ற காகித நிறுவனம் 1990-களின் கடைசியில் வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையிலிருந்த தன் 1,32,000 ஏக்கர் காட்டை விற்க முன்வந்தது. துண்டு துண்டாகப் போயிருந்தால் அங்கே இன்று ஏரிகளைச் சுற்றி விடுமுறை வீடுகள் நின்றிருக்கும். அறக்கட்டளைகள் இடையில் புகுந்தன. 26,000 ஏக்கர் நடுவண் அரசின் வனவிலங்குப் புகலிடமானது. 22,000 ஏக்கரை மாநிலம் எடுத்துக்கொண்டது. மீதி 84,000 ஏக்கர், அதாவது மிகப் பெரிய பங்கு, ஒரு மர நிறுவனத்திடம்தான் போனது. அந்தப் பங்கின் மீதான ஒப்பந்தம் மரம் வெட்டும் தொழில் அங்கே தொடர வேண்டும் என்றும், பொதுமக்கள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் நடைக்கும் வந்து போகும் வழி திறந்தே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வேட்டைக் குடில்களைக் குத்தகைக்கு வைத்திருந்த குடும்பங்கள் இந்த ஏற்பாட்டைக் கடுமையாக எதிர்த்தன. தலைமுறைகளாக வந்து தங்கிய இடம் கைநழுவுகிறதே என்ற அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் காட்டை ஏலத்தில் பிளந்து விற்றிருந்தால், குடில்காரர்களுக்கு மட்டுமல்ல, வழிப்போக்கருக்கும் அங்கே இடமிருந்திருக்காது.

வெர்மான்ட் காட்டின் இன்னொரு விளைச்சல் மேப்பிள் பாகு. அமெரிக்காவில் காய்ச்சப்படும் மேப்பிள் பாகில் ஏறக்குறையப் பாதி இங்கிருந்து வருகிறது. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். ஒரு மரம் குழாய் செருகும் பருவத்துக்கு வர ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆகும். இன்று வெட்டி மனை போட்டுவிட்டு நாளை மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அந்த மரம் இடம் தராது. காப்பு ஒப்பந்தம் செய்த தோப்புகளில் வசந்தத்தில் சாறு இறங்குகிறது, பாகு கொட்டகையில் அடுப்பு எரிகிறது, கூலி கிடைக்கிறது.

“காடு தானாகத்தானே திரும்பி வந்தது, அதை ஏன் காக்க வேண்டும்?” என்றும் கேட்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெர்மான்ட் மலைகள் மொட்டையாகக் கிடந்தது உண்மை. மெரினோ கம்பளி மோகத்தில் 1840 வாக்கில் அங்கே சுமார் 17 லட்சம் ஆடுகள் மேய்ந்தன. அதே வுட்ஸ்டாக்கில் 1801-இல் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், மரம் இழந்த சரிவிலிருந்து மண் ஓடிப்போவதையும் ஆறு தூர்ந்துபோவதையும் கண்டவர். 1847-இல் ரட்லண்டு வட்டார உழவர் சங்கத்தின் முன் அதைப் பேசினார். 1864-இல் ‘மனிதனும் இயற்கையும்’ என்ற நூலாக எழுதினார். இன்று மாநிலத்தின் நான்கில் மூன்று பங்கு காடுதான். அது திரும்பி வந்தது உழவு நொடித்து, மேய்ச்சல் நிலங்களைக் கைவிட்டு மக்கள் மேற்கே போனதால். இப்போது அந்தக் காட்டை வாங்க ஆட்கள் தேடிவருகிறார்கள். பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதால், ஒவ்வொரு வாரிசு மாற்றத்திலும் துண்டாகிறது. பாதை, வீடு, முற்றம் என்று ஊடுருவிவிட்ட காட்டில் மரத் தொழிலும் நடக்காது, கரடியும் மானும் கடந்து போக வழியும் இருக்காது. ஒரு முறை தானாக வந்தது மறுமுறையும் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் மரம் முளைக்கும், தார்ச்சாலையில் முளைக்காது.

இனி வீட்டு வாதம். குற்றச்சாட்டின் முதுகெலும்பு இதுதான், ஆகவே நின்று பேச வேண்டும். வெர்மான்ட்டில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையானது. அதை மறைப்பதில் பயனில்லை. அதற்குக் காப்பு ஒப்பந்தங்கள்தான் காரணமா? மாநிலத்தின் வீடுகளில் சுமார் 15 விழுக்காடு, சொந்தக்காரர் விடுமுறைக்கு மட்டும் வந்து போகும் வீடுகள். ஊர் நடுவிலேயே பெரிய மனைக்கு ஒரு வீடு என்று விதி வைத்திருந்த ஊராட்சிகள் ஏராளம். கழிவுநீர்க் குழாய் இல்லாததால் நெருக்கி வீடு கட்ட முடியாத சிற்றூர்களும் ஏராளம். இவற்றில் எதையும் ஒரு சோள வயலைப் பிளப்பதால் தீர்க்க முடியாது. சட்டமன்றம் 2023-இல் இதைப் புரிந்துகொண்டு, வீடு கட்ட அனுமதி உள்ள இடங்களில் இரட்டை வீட்டுக்கும், தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள பகுதிகளில் நான்கு குடும்பங்கள் வாழும் கட்டடத்துக்கும் தடை கூடாது என்று சட்டம் போட்டது. அதே ஆண்டில்தான் 2030-க்குள் மாநிலத்தின் 30 விழுக்காட்டையும் 2050-க்குள் பாதியையும் காப்பது என்ற இன்னொரு சட்டமும் வந்தது. இரண்டும் ஒரே அவையிலிருந்து வந்த சட்டங்கள்.

விளைநிலம் எப்படி அழிகிறது என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2016 வரை நாடு இழந்தது அல்லது பிய்த்துச் சிதைத்தது 1.1 கோடி ஏக்கர் விளைநிலம். நாளொன்றுக்குச் சுமார் 2,000 ஏக்கர். அதில் பெரிய பங்கு நகரமாக மாறியதல்ல. ஏக்கர் கணக்கில் புல்தரை சூழ ஒற்றை வீடாக எழும்பிய அடர்த்தி குறைந்த குடியிருப்புக்குப் போனதுதான் பெரும் பங்கு. அந்த வீடுகளில் வாடகைக்குத் தவிக்கும் செவிலியரோ பேருந்து ஓட்டுநரோ குடியேறவில்லை. வீட்டுரிமைப் போராளிகள் யாருக்காகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு அந்த நிலத்தால் ஒரு கூரைகூடக் கிடைக்கவில்லை.

வீடும் வயலும் பகையல்ல என்பதற்கு வெர்மான்ட்டில் ஒரு நிறுவனமே சாட்சி. 1980-களில் விடுமுறை வீட்டு மோகத்தில் நிலத்தின் விலை எகிறியபோது, வீட்டுரிமை அமைப்புகளும் நிலக் காப்பு அமைப்புகளும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தன. உழவருக்கும் நிலம் எட்டவில்லை, தொழிலாளிக்கும் எட்டவில்லை, காரணம் ஒன்றே. சேர்ந்து போராடி 1987-இல் வெர்மான்ட் வீட்டு வசதி, நிலக் காப்பு வாரியத்தைச் சட்டத்தின் மூலம் பெற்றன. ஒரே நிதி, இரண்டு வேலை: பண்ணையின் மனையாக்கும் உரிமையை வாங்கவும் பணம் கொடுக்கிறது, குறைந்த வாடகை வீடு எழுப்பவும் கொடுக்கிறது. இதுவரை 10,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அதன் துணையால் எழுந்திருக்கின்றன. பல ஊர்களில் பாழடைந்த பழைய கட்டடங்களே வீடுகளாயின. பர்லிங்டன் நகரில் 1984-இல், பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது நகராட்சியின் 2 லட்சம் டாலர் முதலோடு தொடங்கிய அறக்கட்டளை, இன்று சாம்ப்ளெய்ன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில் நாட்டிலேயே தன் வகையில் மிகப் பெரியது. மனை அறக்கட்டளைக்கு, வீடு குடும்பத்துக்கு. விற்கும்போது விலையேற்றத்தில் கால் பங்கு விற்பவருக்கு, மற்றது அடுத்து வரும் குடும்பத்துக்குக் குறைந்த விலையாகப் போகிறது. நிலத்தின் மீதான சூதாட்டத்தை எடுத்துவிட்டால் வயலும் தங்கும், வீடும் கைக்கு எட்டும் என்பதை அந்த ஊர்கள் நடத்திக் காட்டுகின்றன.

வரி வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒப்பந்தம் செய்த நிலம் தனியார் நிலமாகவே நீடிப்பதால் அதற்கு வரி உண்டு. 1978 முதல் வெர்மான்ட்டில் உழவு நிலத்துக்கும் காட்டுக்கும், பயன்படும் விதத்தை ஒட்டிக் குறைந்த வரி விதிக்கும் திட்டம் இருக்கிறது. அது காப்பு ஒப்பந்தம் இல்லாத நிலத்துக்கும் பொருந்தும். வரவை மட்டும் எண்ணிச் செலவை எண்ணாமல் விடுவதுதான் இந்த வாதத்தின் கோளாறு. அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகத் தொகுத்த கணக்கில், குடியிருப்பு தரும் ஒவ்வொரு டாலர் வரிக்கும் பள்ளி, சாலை, தீயணைப்பு என்று ஊர் செலவழிப்பது இடைநிலை மதிப்பில் சுமார் 1.16 டாலர். வயலும் காடும் தரும் டாலருக்கு ஆகும் செலவு சுமார் 37 சென்ட்தான். கணக்கெடுத்தது காப்பின் பக்கம் நிற்கும் அமைப்பு என்பது உண்மை. ஆனால் வயலிலிருந்து பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் ஏறுவதில்லை என்பதை எந்தப் பக்கத்துக் கணக்கரும் மறுக்க முடியாது.

பணக்காரர் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியை ஒப்புக்கொண்டால்தான் மீதியைத் தள்ள முடியும். காப்பு ஒப்பந்தத்தை வரி மோசடிக்குப் பயன்படுத்திய கூட்டங்கள் இருந்தன. மலிவாக நிலம் வாங்கி, மதிப்பைப் பல மடங்கு ஊதிக் காட்டி, அந்த ஊதிய தொகைக்கு வரிவிலக்குக் கேட்டு, பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இதற்கு முடிவுகட்டக் கோரி ஆண்டுக்கணக்கில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கதவைத் தட்டியவர்களில் முன்னணியில் நின்றது நிலக் காப்பு அமைப்புகளின் கூட்டமைப்பே. போட்ட முதலில் இரண்டரை மடங்குக்கு மேல் இத்தகைய கூட்டங்கள் விலக்குக் கேட்க முடியாது என்று 2022-இன் இறுதியில் சட்டம் வந்தது. இன்னொரு குறை வெர்மான்ட்டிலேயே தெரிந்தது. மனை போட முடியாத அழகிய பண்ணையை, உழவே தெரியாத செல்வந்தர் தோட்ட மாளிகையாக வாங்கிவிடலாம் அல்லவா? அதற்கும் வழி கண்டார்கள்: பண்ணையை உழவர் அல்லாத வெளியாருக்கு விற்க முற்பட்டால், உழவு மதிப்பில் அதை வாங்கும் உரிமை அறக்கட்டளைக்கு உண்டு என்ற விதியைப் புதிய ஒப்பந்தங்களில் சேர்த்தார்கள். செல்வந்தரின் வசதிக்காக நடத்தப்படும் அமைப்பு இப்படியொரு விதியை எழுதாது.

நிலத்தை அறக்கட்டளையின் பெயரில் வைக்கும் வழியின் வேர்களில் ஒன்று நம் மண்ணிலேயே ஓடுகிறது. வினோபா பாவே 1951-இல் தொடங்கிய பூதான இயக்கம் விரைவில் கிராமதானமாக வளர்ந்தது. ஊரின் நிலத்தை ஊரே பொதுவில் வைத்துக் காப்பது அதன் கருத்து. தமிழகத்தில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடந்து நடந்து வளர்த்த இயக்கம் அதுதான். கிராமதானத்திலிருந்து ஊக்கம் பெற்ற ராபர்ட் ஸ்வானும், குடிமை உரிமைப் போராளிகளான சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் முதலியோரும் 1969-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வாக்களிக்கப் பதிவு செய்ததற்காகக் குடியிருந்த பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின மக்களுக்குச் சுமார் 6,000 ஏக்கர் பொது நிலம். வறட்சி வந்தபோது அரசின் கடன் அவர்களுக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 1985-இல் நிலம் பறிபோனது. பாகுபாட்டுக்கான இழப்பீடாக 2009-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் வென்று, ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் 1,638 ஏக்கரை வாங்கினார்கள். பர்லிங்டனின் வீட்டு அறக்கட்டளையும் அந்தக் கருத்தின் வழித்தோன்றல்தான். நிலக் காப்பைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒரே வீச்சில் ஒதுக்குகிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள்.

நிரந்தரம் என்ற சொல்தான் பலரை மிரட்டுகிறது. அடுத்த தலைமுறைக்காக முடிவெடுக்க நமக்கு என்ன உரிமை என்கிறார்கள். கேள்வி சரி, ஆனால் அதை மனைப்பிரிவுக்காரரிடமும் கேட்க வேண்டும். காப்பு ஒப்பந்தத்தின் நோக்கமே இனி நிறைவேறாது என்று ஆகிவிட்டால் நீதிமன்றம் அதை ரத்துசெய்யலாம். பொதுத் தேவைக்கு அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு. கான்கிரீட் போட்ட வயலை மீட்டுத்தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. பின்னால் வருகிறவர்களுக்குத் தேர்வை மிச்சம் வைப்பது எது என்று எடைபோட்டால் வயலின் பக்கமே தாழும்.

பின்னால் வருகிறவர்களுக்காகச் சிலவற்றை விட்டுவைத்ததன் பயன் 2011 ஆகஸ்ட் 28 அன்று தெரிந்தது. ஐரீன் புயல் வெர்மான்ட்டைப் புரட்டிப் போட்ட நாள். ஆட்டர் க்ரீக் ஆறு ரட்லண்டு நகரருகே வெறிகொண்டு பாய்ந்தது. அதற்குக் கீழே, மிடில்பரி என்ற ஊருக்குப் போகும் வழியில், சதுப்பும் வெள்ளச் சமவெளியுமாக ஆயிரக்கணக்கான ஏக்கர் கட்டடமில்லாமல் விடப்பட்டிருந்தது. வெள்ளம் அங்கே பரவி, தங்கி, மெல்ல இறங்கியது. அந்தச் சதுப்பும் சமவெளியும் மிடில்பரிக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சேதத்தில் 84 முதல் 95 விழுக்காட்டைத் தடுத்தன என்று வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் மதிப்பிட்டார்கள். 2023 ஜூலையில் மறுபடி பெருவெள்ளம் வந்து தலைநகர் மான்ட்பீலியரின் கடைவீதி மூழ்கியது. ஆற்றோர நிலத்தை “சும்மா கிடக்கும் நிலம்” என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு வாதம்: பால் பண்ணைத் தொழிலே மடிகிறது, அதன் நிலத்தைக் காத்து என்ன பயன்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 11,000-க்கு மேல் இருந்த வெர்மான்ட் பால் பண்ணைகள் இன்று சில நூறுதான். பால் விலை அவர்களைக் கொன்றது. காப்பு ஒப்பந்தத்தால் பால் விலையை உயர்த்த முடியாது. ஆனால் தொழில் மாறலாம், மண் இருந்தால். பர்லிங்டனில் வினூஸ்கி ஆற்றோரம், குப்பையும் பழைய வண்டிகளும் கிடந்த இன்டர்வேல் என்ற சமவெளியில் 1988 முதல் வில் ராப் என்பவரின் முயற்சியால் உழவு மீண்டது. இன்று சுமார் 350 ஏக்கரில் காய்கறிப் பண்ணைகள் நகரத்துக்குச் சோறு போடுகின்றன. சொந்த நிலமில்லாத இளம் உழவர்கள் அங்கே தொழில் பழகிப் பிறகு வேறிடம் போகிறார்கள். அவர்கள் போகும் இடத்தில் எட்டும் விலைக்கு நிலம் இருக்க வேண்டும் என்பதே காப்பின் வேலை.

அமெரிக்க உழவரின் சராசரி வயது 58-ஐத் தாண்டிவிட்டது என்கிறது 2022-இன் வேளாண் கணக்கெடுப்பு. வரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெர்மான்ட்டின் பண்ணைகளும் தோப்புகளும் பெருமளவில் கைமாறப் போகின்றன. மனைத் தரகர் அப்போது காசோலையோடு வருவார். அறக்கட்டளைக்கு நிதி சேரும்வரை வாரிசுகளால் காத்திருக்க முடியாது. சொத்து கைமாறும்போது வசூலாகும் வரியில் ஒரு பங்கு வீட்டு வசதி, நிலக் காப்பு வாரியத்துக்கு என்று சட்டம் சொல்கிறது. பல ஆண்டுகளில் சட்டமன்றம் அதைக் குறைத்தே கொடுத்திருக்கிறது. ஏழைக்கு வீடு வேண்டும் என்று மெய்யாகவே கவலைப்படுகிறவர்கள் காப்பு அமைப்புகளைச் சாடுவதை விட்டு, அந்தப் பங்கை ஒவ்வோர் ஆண்டும் முழுதாகக் கேட்டு அவற்றோடு சேர்ந்து சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். பண்ணையைக் காப்பாற்றும் அதே பணம்தான் அவர்கள் கேட்கும் வீட்டையும் கட்டுகிறது.